வதந்தியைப் பிடிக்கிற பிள்ளைகள் டப்பாவில் ஏமாறுவது ஏன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் சாயங்காலத் தடகளப் பயிற்சிக்கு வருகிற என் பிள்ளைகளிடம் கால்பந்து டிரான்ஸ்ஃபர் செய்தி ஒன்றைக் காட்டிப் பாருங்கள். கைசர் சீஃப்ஸ் கிளப் இன்னாரை வாங்கிவிட்டது என்று ஏதாவது ஒரு பக்கம் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். "சார், இவன் சும்மா அடிச்சு விடுறான், போன சீசனிலும் இப்படித்தான் சொன்னான், கிளப் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்." முதலில் சொன்னது யார், அவன் இதற்கு முன்னால் சொன்னது பலித்ததா, சம்பந்தப்பட்டவர்களே உறுதி செய்தார்களா என்று மூன்றையும் மனக்கணக்கிலேயே போட்டுவிடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை இது.

அதே பையன் மறுநாள் பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுப்பான். "எங்கேடா வாங்கினாய்?" "மாலில் சார்." "உள்ளே என்ன இருக்கு?" "எனர்ஜி சார்."

நான் கணக்கு வாத்தியார். ஓட்டம் எனக்குச் சாயங்கால வேலை. சாட்ஸ்வொர்த் பிள்ளைகளோடு பக்கத்து உம்லாசியிலிருந்தும் சிலர் வருகிறார்கள். இவர்களுக்குச் சந்தேகப்படத் தெரியாது என்றுதான் பல பயிற்சியாளர்கள் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகவே தெரியும். அதை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. டிரான்ஸ்ஃபர் செய்தி பொய்யாகப் போனால் ஒரு பந்தயம் தோற்கும், கூடப் படிக்கிறவன் கிண்டல் செய்வான், அவ்வளவுதான். டப்பா பொய்யானால் நான்கு வருடம் வரை தடை வரலாம். ஆகவே நான் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முயல்வதில்லை. கால்பந்துக்குக் கேட்கிற அதே கேள்விகளைச் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் கேளுங்கள் என்கிறேன். நடந்ததில் எது வேலை செய்தது, எது இழுபறியாக இருக்கிறது என்று எழுதுகிறேன், இதே வேலை செய்கிற யாருக்காவது உதவும்.

டப்பாவிலிருந்தே தொடங்கலாம். "கடையில் விற்கிறான், அப்போ சட்டப்படி சரிதானே சார்?" இந்தக் கேள்வி எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் வரும், பெற்றோரிடமிருந்தும் வரும். கடையில் விற்கலாம் என்பது ஒரு விதி, விளையாட்டில் உடம்புக்குள் இருக்கலாம் என்பது வேறு விதி. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். இதை வெறும் வாயால் சொன்னால் ஏறாது, ஆகவே இந்த நாட்டுக் கதையையே சொல்கிறேன். 2010 நவம்பரில் ஸ்பிரிங்பாக் என்கிற எங்கள் தேசிய ரக்பி அணி ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது சிலிபாய் ரலெபெல்லே, பியோன் பாசன் இருவரும் மெத்தில்ஹெக்ஸானமைன் என்ற ஊக்கிப் பொருளுக்காகச் சோதனையில் மாட்டினார்கள். அது வந்தது அணியே கொடுத்த சத்துப்பொருளிலிருந்து. விசாரணையில் அவர்கள் மேல் குற்றமில்லை என்று முடிவானது. 2012 காம்ரேட்ஸ் மாரத்தானில் முதலாவதாக வந்த லுட்விக் மமபோலோவும் அதே பொருளுக்காகத்தான் மாட்டினார், மறுவருடம் விடுவிக்கப்பட்டார். கடைசியில் விடுதலையானது எல்லோருக்கும் தெரியும். நடுவே போன மாதங்களை, நாளிதழில் வந்த படத்தை, அந்த நாட்களில் வீட்டார் பட்ட பாட்டை யார் திருப்பித் தருவது?

கதையைச் சொல்லி முடித்த கையோடு லேபிள் வேலை. மெத்தில்ஹெக்ஸானமைன் என்று டப்பாவில் எழுதியிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். டைமெத்தில்அமைலமைன், டிஎம்ஏஏ, ஜெரேனியம் சாறு என்று அதற்குப் பல வேஷம். ஜெரேனியம் என்றதும் ஏதோ பூ, மூலிகை என்று தோன்றும், அதற்காகத்தானே அந்தப் பெயரைப் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பொருளின் பெயரைக் கொடுத்து, அதற்கு வேறு என்னென்ன பெயர் உண்டு என்று தேடிவரச் சொல்வேன். இதைப் பிள்ளைகள் ரசித்துச் செய்கிறார்கள், துப்பறியும் வேலை இல்லையா.

அப்புறம்தான் கசப்பான செய்தி: லேபிளை ஒரு எழுத்து விடாமல் படித்தாலும் போதாது. ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஆய்வுக்கூடம் 2000, 2001 வாக்கில் 13 நாடுகளிலிருந்து 634 சத்துப்பொருட்களை வாங்கிச் சோதித்தது. அவற்றில் 94-இல், அதாவது நூற்றுக்குப் பதினைந்துக்குக் கொஞ்சம் குறைவாக, லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருட்கள் இருந்தன. பழைய ஆய்வு, இன்றைய கடைக்கு அதே எண்ணைச் சொல்ல முடியாது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் விதி மாறவில்லை: உடம்பில் இருப்பதற்கு உடம்புக்காரனே பொறுப்பு, டப்பாக்காரன் இல்லை. தயாரிப்பின் ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்ததாக முத்திரை இருந்தால் ஆபத்து குறையும், முழுக்கப் போகாது. சந்தேகம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடமே கேட்கலாம். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் புதுப்பிக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2023 வரை தடையில் இல்லை, 2024 ஜனவரி முதல் போட்டி நாட்களில் தடை. போன வருடம் அண்ணன் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை என்பது அதனால் ஒரு வாதமே ஆகாது.

சரி, விற்கிறவன் பொய் சொல்வான் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பிடிக்காதது இன்னொன்று: விற்காதவரும், படித்தவரும், நல்ல மனசோடு சொல்கிறவரும் தவறாகச் சொல்லலாம். இதற்குக் காம்ரேட்ஸை விட்டால் நல்ல பாடம் இல்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர், 12 மணி நேர வரம்பு. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ மாமாவோ ஓடியிருப்பார்கள், அல்லது பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில்லில் நின்று கைதட்டியிருப்பார்கள். ஓட்டக்காரருக்குத் தண்ணீர் கொடு, இன்னும் கொடு, தாகம் வருவதற்கு முன்பே கொடு என்பது ரொம்ப காலம் வேதவாக்கு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற பெயர்கொண்ட நிபுணர் சங்கமே 1996-இல், வியர்வையில் போனதை எல்லாம் ஈடுகட்டும் அளவுக்கு, இல்லையென்றால் தாங்குகிற மட்டும் குடியுங்கள் என்றுதான் எழுதியது. ஆனால் கேப் டவுன் பல்கலைக்கழகத்து டிம் நோக்ஸ் 1985-லேயே, 7 மணி நேரத்துக்கு மேல் நீளும் பந்தயங்களில் அளவுக்கு மீறிக் குடித்ததால் இரத்தத்தில் சோடியம் குறைந்து விழுந்த நான்கு பேரைப் பற்றி எழுதியிருந்தார். அதில் முதல் ஆள் 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒரு பெண். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 2007-இல் அந்த அமெரிக்கச் சங்கம் தன் வழிகாட்டுதலைத் திருத்திக்கொண்டது.

இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு நோக்ஸ் ஹீரோ ஆகிவிடுவார். நான் காத்திருப்பது அதற்குத்தான். ஏனென்றால் அதே நோக்ஸ் பின்னாளில், மாவுச்சத்தை ஒதுக்குங்கள், கொழுப்பைச் சாப்பிடுங்கள் என்று திரும்பினார். தான் எழுதிய ஓட்டப் புத்தகத்தில் மாவுச்சத்தைப் புகழ்ந்த பக்கங்களைக் கிழித்துவிடுங்கள் என்றே சொன்னார். 2014-இல் ஒரு தாய்க்கு ட்விட்டரில் சொன்ன பதிலுக்காக மருத்துவ கவுன்சில் விசாரணை நடத்தியது, 2017-இல் விடுவிக்கப்பட்டார், 2018-இல் மேல்முறையீட்டிலும் அவர் பக்கமே. இந்த நாட்டில் பான்டிங் என்ற பெயரில் அந்தச் சாப்பாடு வீட்டுக்கு வீடு பரவியது. சர்க்கரை வியாதி இல்லாத வீடு எங்கள் பகுதியில் அபூர்வம், ஆகவே அப்பாக்கள் சோற்றையும் ரொட்டியையும் விட்டார்கள். சிலருக்கு உண்மையிலேயே நன்றாகவும் இருந்தது. வினை எங்கே வந்தது என்றால், 800 மீட்டர் ஓடுகிற ஒரு பெண் அப்பாவின் தட்டைப் பார்த்துத் தானும் சோற்றை விட்டுவிட்டாள். கடைசிச் சுற்றில் கால் எழவில்லை. பயிற்சியைக் கூட்ட வேண்டுமா சார் என்று என்னிடம் வந்து கேட்கிறாள்!

"நோக்ஸ் சொன்னது சரியா தப்பா சார்?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேள்வியே அதுவல்ல. தண்ணீர் விஷயத்தில் அவர் கையில் இரத்தப் பரிசோதனை இருந்தது, மற்றவர்கள் போய்ப் பார்த்தபோதும் அதுவே கிடைத்தது. சாப்பாட்டு விஷயத்தில் அப்பாவுக்குச் சொன்னது யாருக்காகச் சொன்னது? ஐம்பது வயதில் சர்க்கரையோடு போராடுகிறவருக்கு. வேகமாக ஓடுகிற பதினாறு வயதுக்கு என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத்தர நடைப் போட்டியாளர்களை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புச் சாப்பாட்டில் இருந்தவர்கள் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் செலவழித்தார்கள், பந்தய நேரமும் முன்னேறவில்லை. அதுவும் அவளைப் பற்றியது இல்லைதான், ஆனால் அப்பாவின் தட்டைவிட அவளுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆளை நம்புவதா வேண்டாமா என்று பார்க்காதே, ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியாகப் பார், யாருக்காகச் சொன்னது என்று பார். இதைப் புரியவைக்க ஒரு தவணை முழுக்கப் போயிற்று, நியாயமான செலவுதான். அந்தப் பெண் மறுபடி சோறு சாப்பிடுகிறாள். அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

நேரக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி, வாத்தியார் புத்தி. பிரிட்டோரியாவில் ஒரு பள்ளிப் பையன் 100 மீட்டரை இத்தனை நொடியில் ஓடினான் என்று டிக்டாக்கில் வரும், இங்கே இருப்பவர்கள் மனம் உடைந்து போவார்கள். மூன்று விஷயம் கேள் என்பேன். கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்தார்களா, மின்னணுக் கருவியா? கை நேரத்தை ஒப்பிட வேண்டுமென்றால் 100 மீட்டருக்கு 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம், பள்ளி ஓட்டத்தில் அது முதலிடத்துக்கும் நாலாமிடத்துக்கும் உள்ள தூரம். காற்று எவ்வளவு? நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்னாலிருந்து தள்ளினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. ஊர் எவ்வளவு உயரம்? ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர், பிரிட்டோரியா 1,300-க்கு மேல், நாமோ கடற்கரையில். மெல்லிய காற்று குறுந்தூர ஓட்டக்காரனுக்கு வரம், நெடுந்தூரத்தானுக்கு மூச்சு முட்டும். இதைக் கேட்ட ஒரு பையன் உடனே திருப்பி அடித்தான்: "அப்போ நம்ம 3,000 மீட்டர் நேரத்தையும் அவங்க அப்படித்தானே சார் பார்க்கணும், நமக்குக் கடல் மட்டம் லாபம்தானே?" எனக்கு அன்று முழுக்க மகிழ்ச்சி. தன் பக்கத்து லாபத்தையும் கணக்கில் சேர்க்கிறவன்தான் ஒழுங்காகச் சரிபார்க்கிறவன்.

வேய்ட் வான் நீகெர்க் பற்றியும் ஏகப்பட்ட வீடியோ. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எட்டாவது தடத்தில் ஓடி 43.03 நொடி, 400 மீட்டர் உலக சாதனை. அப்போது அவருடைய பயிற்சியாளராக இருந்த ஆன்ஸ் போத்தா எழுபதைத் தாண்டிய கொள்ளுப்பாட்டி. இவ்வளவும் உண்மை, அதனால்தான் இதன் மேல் எதை ஒட்டினாலும் ஒட்டிக்கொள்கிறது. வேய்டின் ரகசியப் பயிற்சி அட்டவணை என்று ஒன்று சுற்றுகிறது, யார் எழுதியது என்று எங்கேயும் இல்லை. உண்மையான செய்தியோடு ஒரு கதையைச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று காட்ட இதையே வைத்துக்கொள்கிறேன். அது நிஜமாகவே அவருடைய அட்டவணையாக இருந்தாலும், பல வருடம் கட்டி எழுப்பிய உடம்புக்கு எழுதியது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதியதில்லை.

எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நான் பள்ளிப் பாடத்தோடு சண்டை போடுகிறேன். ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்துப்பிழை உண்டா, தேதி இருக்கிறதா, பார்க்க நேர்த்தியாக இருக்கிறதா என்று டிக் போடச் சொல்லும் பழைய பட்டியல் உதவாது, காசு இருந்தால் யாரும் நேர்த்தியான பக்கம் போட்டுவிடலாம். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்களையும், தங்கள் பல்கலைக்கழக மாணவர்களையும், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்களையும் ஒரே வேலையில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர்கள் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள், சரிபார்ப்பவர்கள் உடனே வெளியே வந்து, வேறு ஜன்னல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து, கொஞ்ச நேரத்திலேயே சரியான முடிவுக்கு வந்தார்கள். இது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன, மாப்பிள்ளை பார்க்கும்போது மாப்பிள்ளையிடமே போய் நீங்கள் நல்லவரா என்று கேட்பதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். இப்படிச் சொன்னதும் ஒரு பிள்ளையின் ஆயா, கூட்டிப்போக வந்தவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போல, விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: இங்கே மொபைல் டேட்டாவுக்கு ஆகும் காசு பெரிது. ஐந்து ஜன்னல் திற என்று சொல்வது எனக்குச் சுலபம், பிள்ளைக்கு அது நாளை பஸ்ஸுக்கு வைத்த காசு. ஆகவே வீட்டில் தேடச் சொல்வதில்லை. சந்தேகத்தை எழுதி வை, நூலக வைஃபையிலோ என் போனிலோ வியாழக்கிழமை பார்ப்போம் என்கிறேன். இதில் எதிர்பாராத லாபமும் உண்டு, வியாழன் வருவதற்குள் பாதி ஆசை ஆறிவிடுகிறது.

இப்போது செயற்கை அறிவிடமும் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஒரு பெண் 1,500 மீட்டருக்குப் பயிற்சித் திட்டம் வாங்கி வந்தாள், கீழே ஆய்வுப் பெயர்கள் வேறு கம்பீரமாக வரிசை கட்டி நின்றன. தலைப்பைத் தேடிப் பார்த்தால் அப்படி ஒரு கட்டுரையே கிடைக்கவில்லை. திட்டம் ஒன்றும் மோசமில்லை, அதனால்தான் சொல்கிறேன், திட்டத்தைப் படித்துப் பிடித்திருக்கவே முடியாது.

சந்தேகம் அதிகமாவதும் ஒரு வியாதி, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கொஞ்ச நாளில் சிலர், எல்லாம் காசுக்குத்தான் சார், ஆய்வெல்லாம் வாங்கின ஆய்வு என்று பெரிய மனுஷத்தனமாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவனுக்குக் கெண்டைக்கால் எலும்பில் வலி. பிசியோதெரபிஸ்ட் அம்மா ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார், இவனோ அவங்க எல்லாருக்கும் இதையேதான் சொல்வாங்க என்று சொல்லிவிட்டு, ஏதோ வீடியோவைப் பார்த்துக் காலில் டேப் சுற்றிக்கொண்டு வந்தான். நான் அவனைத் திட்டவில்லை. அந்த அம்மா உன் காலைத் தொட்டுப் பார்த்தார், அந்த வீடியோக்காரன் உன் காலைப் பார்த்தானா என்று மட்டும் கேட்டேன். இப்போது ஒவ்வொரு வாரமும் எதை நம்பவில்லை என்பதோடு, எதை நம்புகிறேன், எதனால் என்றும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டில் எப்படிப் பேசுவது என்பது பாதிப் பிரச்சினை. ஆயா வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியைக் கேட்டுவிட்டு, போட்டிக்கு முன்னால் இதைக் குடி கண்ணு என்று ஏதோ காய்ச்சித் தருவார். ஆயாவிடம் போய், ஆதாரம் எங்கே என்று நின்றால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்காது. "ஆயா, போட்டி முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை குடிச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்லச் சொல்கிறேன். போட்டி நாளில் புதிதாக எதையும் வயிற்றுக்குள் போடக் கூடாது என்பது எப்படியும் நல்ல விதிதான், ஆயாவுக்கும் மரியாதை குறையாது. மாமாவின் நண்பர் கொடுத்த ஊசி, மாத்திரை, பெயரில்லாத பவுடர் என்றால் மட்டும் இந்த நயமெல்லாம் வேண்டாம், நேராக என்னிடம் வா.

அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜென்டுகளுக்கும் இதே வேலைதான். அவர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்யாதே, கல்லூரியின் சொந்த இணையதளத்தில் பயிற்சியாளரின் முகவரியை நீயே எடுத்து எழுது. உண்மையாக இருந்தால் அந்தப் பயிற்சியாளருக்கு உன் பெயர் தெரிந்திருக்கும்.

எங்கள் பயிற்சிக் குழு வாட்ஸ்அப்பில் ஒரே விதி: எதை அனுப்பினாலும் கூடவே ஒரு வரி, இது எங்கிருந்து வந்தது, தப்பாக இருந்தால் யாருக்கு என்ன போகும். பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுகிறார்கள், சில நேரம் "தெரியாது சார், ஆனா சூப்பரா இருக்கு" என்று எழுதுகிறார்கள், அதுவும் நேர்மைதான். பெற்றோர் குழுவிலும் இந்த விதியைப் போட்டுப் பார்த்தேன். ஓர் அங்கிள், ரொம்ப நல்ல யோசனை சார் என்று கைகூப்பிய படம் போட்டுவிட்டு, உடனே மஞ்சள்பால் குடித்தால் மூட்டு இரும்பாகும் என்று ஒரு வீடியோ அனுப்பினார், எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. மஞ்சள்பாலால் யாருக்கும் தடை வரப்போவதில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.